தாளில் வரைந்த கோடு திரையில் சிதையாமல் இருக்க: வாசகர் கேள்வி பதில்

கையால் வரைந்த படங்களைக் கணினிக்குக் கொண்டுபோய் டிசைனாகவும் விளக்கப்படமாகவும் மாற்றுவது பற்றி வந்த கேள்விகளுக்கு இந்தப் பகுதியில் பதில் தருகிறோம். பெரும்பாலான சிக்கல்களுக்கு வேர் ஒன்றுதான். படம் கடைசியில் எங்கே, எந்த அளவில் அச்சாகப் போகிறது என்பதை முடிவு செய்யாமலே ஸ்கேன் செய்துவிடுகிறோம். ஸ்கேனில் பதியாத விவரத்தை எந்த மென்பொருளாலும் பிறகு திரும்பக் கொண்டுவர முடியாது.

கேள்வி: உள்ளங்கை அளவில் பூக்கள் வரைகிறேன். அவற்றைப் பெரிதாக்கி அச்சிட்டால் ஓரங்கள் மங்கலாகின்றன. எத்தனை டிபிஐ-யில் (அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்ற கணக்கில்) ஸ்கேன் செய்ய வேண்டும்?

பதில்: எல்லோருக்கும் பொருந்தும் ஓர் எண் கிடையாது. ஆனால் கணக்கு எளிது. காகிதத்தில் நன்றாக அச்சாக ஓர் அங்குலத்துக்கு 300 பிக்சல் வேண்டும். அச்சில் வரப்போகும் அகலத்தை, தாளில் இருக்கும் அகலத்தால் வகுத்து, வருவதை 300-ஆல் பெருக்குங்கள். பூ தாளில் 8 செ.மீ., அச்சில் 20 செ.மீ. என்றால் இரண்டரை மடங்கு பெரிதாகிறது. 2.5 × 300 = 750 டிபிஐ. ஸ்கேனரில் 750 இல்லாமல் 600-ம் 1200-ம் மட்டும் இருந்தால் 1200-ஐத் தேர்ந்தெடுத்து, பிறகு குறைத்துக்கொள்ளலாம். துணியில் மை சற்றுப் பரவும் என்பதால் அங்கே 150 பிக்சல்கூடப் பெரும்பாலும் போதும்.

ஏ4 தாள் முழுவதையும் 600 டிபிஐ-யில் வண்ணத்தில் எடுத்தால் 4960 × 7016 பிக்சல் வரும்; சுருக்காமல் சேமித்தால் ஏறக்குறைய 104 எம்பி. 1200-க்குப் போனால் அது நான்கு மடங்காகும். அதனால் தேவையான பூவை மட்டும் சட்டமிட்டு ஸ்கேன் செய்யுங்கள். ஸ்கேனர் பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் 9600, 19200 போன்ற எண்களை நம்ப வேண்டாம். அவை பெரும்பாலும் மென்பொருள் இடைப்புள்ளிகளை ஊகித்து நிரப்பும் அளவுகள். கருவியின் விவரத்தாளில் ‘ஆப்டிகல்’ என்று குறிப்பிட்டிருப்பதுதான் உண்மையான திறன்.

கறுப்பு மைக் கோடுதானே என்று ‘பிளாக் அண்ட் ஒயிட்’ அமைப்பில் ஸ்கேன் செய்வது அடிக்கடி நடக்கும் தவறு. அதில் ஒவ்வொரு பிக்சலும் ஒன்று முழுக் கறுப்பு, இல்லையென்றால் முழு வெள்ளை. ஓரங்கள் படிக்கட்டாக உடைந்துபோகும். கிரேஸ்கேலிலோ (சாம்பல் படிநிலைகளிலோ) வண்ணத்திலோ எடுங்கள். சேமிக்கும்போது டிஃப் அல்லது பிஎன்ஜி வடிவம் வேண்டும். ஜேபெக் படத்தை 8 × 8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்துச் சுருக்குவதால், கூர்மையான கோட்டைச் சுற்றிப் புழுதி போன்ற புள்ளிகள் தோன்றும். வெள்ளைத் தாளில் அவை கண்ணுக்குத் தெரியாது. பின்னணியை நீக்கிவிட்டு வேறு நிறத்தின் மேல் வைக்கும்போதுதான் வெளியே வரும்.

கேள்வி: ஸ்கேனர் இல்லை. செல்பேசிப் படம் போதாதா?

பதில்: கோட்டோவியத்துக்குப் போதும், எடுக்கும் விதம் சரியாக இருந்தால். தாளைச் சமதளத்தில் ஒட்டுங்கள். பேசியை மிக அருகில் கொண்டுபோகாமல் சற்று உயர்த்தி, இரண்டு மடங்கு ஜூமில் எடுங்கள். அருகிலிருந்து அகலக் கோண லென்ஸில் எடுத்தால் நேர்கோடுகள் வெளிப்பக்கம் வளையும். பிளாஷ் வேண்டாம். சன்னல் வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வந்தால், எதிர்ப்பக்கத்தில் ஒரு வெள்ளை அட்டையை நிறுத்தி ஒளியைத் திருப்பிவிடுங்கள். பேசியின் நிழல் தாளில் விழக் கூடாது.

தாளின் நான்கு மூலைகளிலும் சிறு கூட்டல் குறிகளை அளந்து போட்டிருந்தால், பெர்ஸ்பெக்டிவ் கருவியில் அவற்றைச் செவ்வகமாக இழுத்துச் சரிசெய்துகொள்ளலாம். நீர்வண்ண ஓவியத்துக்கும், வரிசையாக அடுக்கும்போது விளிம்பு சேர வேண்டிய பேட்டர்னுக்கும் மட்டும் எங்காவது ஸ்கேனர் கிடைக்கிறதா என்று பாருங்கள். அவற்றில் சிறு வளைவும் நிறப் பிசகும்கூட வேலையைக் கெடுக்கும்.

கேள்வி: ஸ்கேன் செய்ததும் தாள் சாம்பல் நிறமாகத் தெரிகிறது. மை போடுவதற்கு முன் போட்ட பென்சில் கோடுகளும் பதிந்துவிடுகின்றன. ஒவ்வொன்றாக அழிக்கவே நேரம் போய்விடுகிறது.

பதில்: சாம்பல் தாளுக்கு, படத்தின் வெளிச்சத்தையும் கருமையையும் சரிசெய்யும் லெவல்ஸ் கருவி. வலது முனையில் இருக்கும் வெள்ளை முக்கோணத்தை, கருவி காட்டும் வரைபடத்தில் தாளின் பெரிய குன்று தொடங்கும் இடம் வரை உள்ளே தள்ளுங்கள். பெரும்பாலும் 215 முதல் 235-க்குள் அமையும் (0 கறுப்பு, 255 வெள்ளை). கறுப்பு முக்கோணத்தை 40, 50 அளவுக்கு நகர்த்தினால் மை முழுக் கறுப்பாகும். இதற்குமேல் இழுத்தால் மெல்லிய கோடுகள் துண்டு துண்டாகும். முழுப் படத்தை நூறு சதவீதப் பார்வையில் வைத்து, மிக மெல்லிய கோடு இருக்கும் இடத்தைப் பார்த்துக்கொண்டே நகர்த்துங்கள்.

பென்சில் கோட்டுக்குத் தீர்வு தாளிலேயே இருக்கிறது. முதல் வரைவை வெளிர் நீலப் பென்சிலால் போடுங்கள், மேலே கறுப்பு மை, பிறகு வண்ணத்தில் ஸ்கேன். நீலக் கோடு நீல ஒளியைத் தாளைப் போலவே திருப்பி அனுப்புவதால், படத்தின் நீலச் சேனலில் (நீல ஒளியை மட்டும் காட்டும் பகுதியில்) அது ஏறக்குறைய வெள்ளையாகிவிடும். கறுப்பு மை மட்டும் நிற்கும். ஃபோட்டோஷாப்பில் சேனல்ஸ் பலகையில் நீலத்தை மட்டும் தேர்ந்தெடுத்துப் பிரதியெடுங்கள். கிம்ப் என்ற படத்திருத்த மென்பொருளில் கலர்ஸ் மெனுவில் காம்பொனன்ட்ஸ், அதற்குள் டீகம்போஸ் என்று போனால் மூன்று சேனல்களும் தனித்தனி லேயர்களாக (ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும் படலங்களாக) கிடைக்கும். சிவப்புப் பென்சிலால் வரைந்திருந்தால் சிவப்புச் சேனலை எடுங்கள். மாற்றி எடுத்தால் அழிய வேண்டிய கோடு இன்னும் கருமையாகத் தெரியும். அப்படித் தெரிந்தால் தவறான சேனலில் நிற்கிறீர்கள் என்று பொருள்.

சாதாரண பென்சிலில்தான் வரைவேன் என்றால், மை நன்றாகக் காய்ந்த பிறகே ரப்பரைத் தொடுங்கள். ஈர மையை ரப்பர் இழுத்துப்போகும். காய்ந்த மையையும் அது சற்று வெளுக்கச் செய்யும் என்பதால், அழுத்தித் தேய்க்காத மெத்தென்ற ரப்பர் நல்லது.

வெள்ளைப் பின்னணியை நீக்க, ஒரே நிறப் பகுதியைத் தேர்ந்தெடுக்கும் மேஜிக் வாண்டைப் பயன்படுத்த வேண்டாம். கோட்டோரத்தில் இருக்கும் சாம்பல் பிக்சல்களை அது பாதியாக வெட்டும். கிம்ப்பிலும் கிரிட்டா என்ற ஓவிய மென்பொருளிலும் ‘கலர் டு ஆல்ஃபா’ என்ற வசதி வெள்ளையை அளவுக்கேற்ப ஒளிபுகும் தன்மையாக மாற்றும். ஓரத்தின் மென்மை அப்படியே இருக்கும்.

கேள்வி: வெக்டாராக (பிக்சல்களாக இல்லாமல் கோட்டுப் பாதைகளாக இருக்கும் படமாக) மாற்ற, மென்பொருளே விளிம்புகளைப் பின்பற்றி வரையும் ஆட்டோ டிரேஸ் போட்டேன். ஒரே கோடு இரண்டு கோடுகளாக வருகிறது. பாதையில் ஆயிரக்கணக்கான திருத்தப் புள்ளிகள். திருத்தவே முடியவில்லை.

பதில்: இரண்டு கோடுகள் வருவது பிழையல்ல. நீங்கள் ‘கோடு’ என்று பார்ப்பது டிரேஸ் கருவிக்கு ஒரு கறுப்பு வடிவம். அதன் இடது விளிம்பையும் வலது விளிம்பையும் சுற்றிவந்து, உள்ளே கறுப்பை நிரப்புகிறது. தூரிகைக் கோட்டைப் போலத் தடிமன் மாறும் கோட்டுக்கு இதுதான் வேண்டும். ஒரே தடிமனில் ஓடும் தொழில்நுட்பக் கோட்டுக்கு இது ஒத்துவராது. அதற்கு இங்க்ஸ்கேப் என்ற வெக்டார் மென்பொருளில் சென்டர்லைன் டிரேசிங் இருக்கிறது. அது கோட்டின் நடுவில் ஒற்றைப் பாதையை ஓட்டும். ஆனால் கோடுகள் சந்திக்கும் இடங்களில் சிறு சிறு கொக்கிகளை விட்டுவைக்கும். அவற்றைக் கையால்தான் அகற்ற வேண்டும்.

புள்ளிகள் பெருகுவதற்குக் காரணம், தாளின் சொரசொரப்பையும் மையின் கசிவையும் கருவி உண்மையான வடிவமென்று எடுத்துக்கொள்வது. டிரேஸ் செய்வதற்கு முன் படத்தைத் தயார் செய்யுங்கள். 600 டிபிஐ படத்தில், சற்று மங்கலாக்கும் காஸியன் பிளர் 1 அல்லது 2 பிக்சல் கொடுங்கள். உடனே லெவல்ஸில் கறுப்பு, வெள்ளை முக்கோணங்களை நடுவை நோக்கி நெருக்குங்கள். பிளர் பிசிறுகளைக் கரைக்கும். லெவல்ஸ் ஓரத்தைத் திரும்பக் கூர்மையாக்கும். இந்த இரண்டு படிகளுக்குப் பிறகு அதே படத்தை டிரேஸ் செய்தால் புள்ளிகள் வெகுவாகக் குறையும்.

அமைப்புகளில் முதலில் தொட வேண்டியது எல்லைமதிப்பு, அதாவது எவ்வளவு கருமையைக் கறுப்பாக எடுத்துக்கொள்வது என்ற அளவு. இங்க்ஸ்கேப்பில் அது பிரைட்னெஸ் கட்ஆஃப், தொடக்கத்தில் 0.45 என்று இருக்கும். இல்லஸ்ட்ரேட்டரில் திரெஷோல்ட், 128. கோடுகள் அறுபட்டால் கூட்டுங்கள். குறுகிய இடைவெளிகள் மூடிக்கொண்டால் குறையுங்கள். அடுத்தது ஸ்பெக்கிள்ஸ் அல்லது நாய்ஸ். குறிப்பிட்ட அளவுக்குக் கீழான தூசிப் புள்ளிகளை அது தள்ளிவிடும். படத்தில் நீங்களே வைத்த சிறு புள்ளிகள் உண்டென்றால் இதைக் கூட்டாதீர்கள், அவையும் போய்விடும். இல்லஸ்ட்ரேட்டரில் வெள்ளையைத் தவிர்க்கும் தேர்வைப் போட மறந்தால், ஒவ்வொரு கோட்டுக்கும் பின்னால் கண்ணுக்குத் தெரியாத வெள்ளை வடிவம் உட்கார்ந்திருக்கும். இங்க்ஸ்கேப்பில் டிரேஸ் முடிந்ததும் புதிய வடிவம் பழைய ஸ்கேனின் மேலேயே அமரும். ஒன்றும் நடக்கவில்லை என்று நினைத்துத் திரும்பத் திரும்ப அழுத்துகிறவர்கள் பலர். மேலே இருப்பதை நகர்த்திப் பாருங்கள், அடியிலிருக்கும் ஸ்கேனை நீக்குங்கள்.

அதன்பிறகும் புள்ளிகள் அதிகமென்றால் சிம்ப்ளிஃபை, இங்க்ஸ்கேப்பில் கண்ட்ரோல்-எல். ஒருமுறை அழுத்திப் பாருங்கள். தொடர்ந்து அழுத்தினால் இலை நுனிகள் மழுங்கும்.

பதினைந்து, இருபது வடிவங்களுக்குள் அடங்கும் எளிய மோட்டிஃப் (தனி உருவம்) என்றால் ஆட்டோ டிரேஸே வேண்டாம் என்பது எங்கள் கருத்து. ஸ்கேனை ஒரு லேயரில் பூட்டிவைத்து, 30 சதவீத அடர்த்திக்கு மங்கலாக்கி, மேலே பென் கருவியால் வரையுங்கள். வளைவின் இடது, வலது, மேல், கீழ் உச்சங்களில் மட்டும் புள்ளி வையுங்கள். புள்ளியிலிருந்து நீளும் கைப்பிடிகளைக் கிடையாகவோ செங்குத்தாகவோ இழுங்கள். ஒவ்வொரு கைப்பிடியும் அந்த வளைவுத் துண்டின் மூன்றில் ஒரு பங்கு நீளத்தைச் சுற்றியே இருக்கட்டும். ஒரு முழு வட்டத்துக்கு நான்கு புள்ளிகள் போதும். அதே வட்டத்தை டிரேஸ் கருவி முப்பது புள்ளிகளில் தந்தால், பிற்பாடு ஒரு பக்கத்தை இழுத்துத் திருத்தும்போது மேடுபள்ளம்தான் மிஞ்சும்.

கேள்வி: நீர்வண்ணத்தில் வரைகிறேன். வெக்டாராக்கினால் உயிரே போய்விடுகிறது.

பதில்: ஆக்க வேண்டாம். நீர்வண்ணத்தின் அழகு நிறம் நிறத்துக்குள் கரைவதில் இருக்கிறது. டிரேஸ் அதைத் தட்டையான திட்டுகளாக வெட்டிவிடும். பிக்சல் படமாகவே வைத்துக்கொண்டு, தேவையான அளவில் ஸ்கேன் செய்வதுதான் சரி. லோகோ, ஒட்டுப்படம், வெட்டும் இயந்திரம், நிறம் அடிக்கடி மாற்ற வேண்டிய டிசைன் ஆகியவற்றுக்கு மட்டும் வெக்டாரை நாடுங்கள்.

ஸ்கேனரின் தானியங்கித் திருத்தங்கள் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். அவை வெளிர் நிறங்களைத் தாளென்று எண்ணி வெளுத்துவிடும். சொரசொரப்பான தாளில் விளக்கு ஒரு பக்கத்திலிருந்து படுவதால் ஒவ்வொரு மேட்டுக்கும் ஒரு சிறு நிழல் விழும். ஓவியத்தை ஒருமுறை நேராகவும், ஒருமுறை 180 டிகிரி திருப்பியும் ஸ்கேன் செய்து, இரண்டாவதைக் கணினியில் திருப்பி முதலாவதின் மேல் சரியாகப் பொருத்தி, 50 சதவீத அடர்த்தி கொடுங்கள். எதிரெதிர் நிழல்கள் பெருமளவு ஒன்றையொன்று ஈடுகட்டும். பூவைத் தனியாக வெட்டியெடுக்க ரப்பர் கருவிக்குப் பதில், படத்தை அழிக்காமல் மறைக்கும் லேயர் மாஸ்க் போடுங்கள். மாஸ்க் ஓரத்தை 1 பிக்சல் மென்மையாக்கி, வண்ணத்தின் உட்பக்கமாகச் சற்று நகர்த்தினால் தாளின் வெள்ளை விளிம்பு ஒட்டிக்கொண்டு வராது.

கேள்வி: கோட்டுக்குள் நிறம் நிரப்பினால் ஓரத்தில் மெல்லிய வெள்ளை வளையம் நிற்கிறது.

பதில்: கோட்டின் ஓரம் கறுப்பிலிருந்து வெள்ளைக்குச் சட்டென்று மாறுவதில்லை, நடுவில் சாம்பல் பிக்சல்கள் உண்டு. நிறம் நிரப்பும் பக்கெட் கருவி அவற்றின் முன் நின்றுவிடுகிறது. நிறத்தைக் கோட்டு லேயரிலேயே நிரப்பாதீர்கள். கீழே வேறொரு லேயர் வேண்டும்; மேலிருக்கும் கோட்டு லேயருக்கு, வெள்ளையை மறைத்துக் கறுப்பை மட்டும் காட்டும் மல்டிப்ளை. வாண்டால் உள்பகுதியைத் தேர்ந்தெடுத்து, தேர்வை 2 பிக்சல் விரிவாக்கி, கீழ் லேயரில் நிரப்புங்கள். நிறம் கோட்டுக்கு அடியில் சற்று நுழைந்துவிடும்.

கோட்டில் இடைவெளி இருந்து நிறம் வெளியே வழிந்தால், கிம்ப்பின் பக்கெட்டில் ‘லைன் ஆர்ட்’ கண்டறியும் தேர்வு இருக்கிறது, 2.10.10 பதிப்பிலிருந்து. அது சிறு இடைவெளிகளை மூடியதாகக் கருதிக்கொள்ளும். கிரிட்டாவில் கலரைஸ் மாஸ்க் அதே வேலையைச் செய்யும்.

கேள்வி: என் டிசைனை வரிசையாக அடுக்கினால் சேரும் இடம் கோடாகத் தெரிகிறது. எங்கே தவறு?

பதில்: மூன்று விதமான கோடுகள் தெரியலாம். மூன்றுக்கும் காரணங்கள் வேறு.

முதலாவது, படமே சேராதது. ஓர் இலை வலது விளிம்பில் வெட்டுப்பட்டு, இடது விளிம்பில் தொடராமல் நிற்கும். இதற்குப் பழைய முறையே இன்றும் சிறந்தது. தாளில் ஒரு செவ்வகம் அளந்து வரைந்து, விளிம்புகளைத் தொடாமல் நடுவில் மட்டும் வரையுங்கள். செவ்வகத்தை நான்காக வெட்டி, மூலைக்கு மூலை இடம் மாற்றி, பின்பக்கம் ஒட்டுநாடாவால் சேருங்கள். பழைய வெளி விளிம்புகள் இப்போது நடுவில் வந்து சேரும், அங்கே வெற்றிடம் இருக்கும், அதை நிரப்புங்கள். கணினியில் இதையே ஆஃப்செட் செய்யும். 3000 × 3000 பிக்சல் டைல் (திரும்பத் திரும்ப அடுக்கும் ஒரு துண்டு) என்றால் இரு திசையிலும் 1500, வெளியே போவதை எதிர்ப்பக்கத்தில் நுழைக்கும் வ்ராப் அரவுண்ட் தேர்வோடு. ஃபோட்டோஷாப்பில் ஃபில்டர் மெனுவின் அதர் பிரிவில் இருக்கிறது, கிம்ப்பில் ஷிஃப்ட்-கண்ட்ரோல்-ஓ.

ஆஃப்செட் செய்தபின் வெளி விளிம்பைத் தொடக் கூடாது; அது ஏற்கெனவே எதிர் விளிம்போடு சரியாகச் சேர்ந்திருக்கிறது. நடுவில் தெரியும் சிலுவை வடிவக் காலியிடம் நான்கு விளிம்புகளின் நடுப்புள்ளி வரை ஓடும். அந்த நுனிகளில் இப்போதே வரைந்தால் மறுபடியும் சேராது. நடுப்பகுதியை முடித்துவிட்டு, அகலத்தில் கால்பங்கு இன்னொரு ஆஃப்செட் கொடுங்கள், பக்க நுனிகள் உள்ளே வரும். உயரத்திலும் அப்படியே செய்தால் மேல், கீழ் நுனிகள் வரும். கிரிட்டாவில் டபிள்யூ விசையை அழுத்தினால் டைல் எல்லாத் திசையிலும் நீண்டு தெரியும், வரையும்போதே விளிம்பு சேரும். இந்தத் தொல்லையே இல்லை.

தாளில் வெட்டிச் சேர்த்ததை ஸ்கேன் செய்யும்போது சாய்வைக் கவனியுங்கள். அரை டிகிரி சாய்ந்தாலே 20 செ.மீ. அகலத்தில் விளிம்பு 1.7 மி.மீ. இறங்கிவிடும். கண்ணுக்குச் சாய்வு தெரியாது, சேரும் இடத்தில் கோடு உடைந்து தெரியும்.

இரண்டாவது, மயிரிழைபோல் வெளிர் கோடு. திரையில் பெரிதாக்கிப் பாருங்கள். எவ்வளவு பெரிதாக்கினாலும் அதே மெல்லிசாக இருந்தால் அது திரை காட்டும் மாயை, அச்சில் வராது. பெரிதாக்கும்போது அதுவும் பெரிதானால் உண்மையான இடைவெளி. வெக்டார் மென்பொருளில் ஆர்ட்போர்டின் (வரையும் பக்கத்தின்) இடமோ அளவோ 1000.37 என்று பின்னத்தில் இருந்தால், ஏற்றுமதியில் கடைசி வரிசை பிக்சல் பாதி ஒளிபுகுவதாகிவிடும். அளவையும் இடத்தையும் முழு எண்ணாக்குங்கள். ஆஃப்செட் பாதியாக வகுபட, இரட்டை எண்ணாகவே வையுங்கள்.

மூன்றாவதைத்தான் பலரும் கவனிப்பதில்லை. விளிம்பு ஒழுங்காகச் சேர்ந்திருக்கும். ஆனால் நான்குக்கு நான்கு அடுக்கி, 25 சதவீதத்துக்குச் சுருக்கி, கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் குறுக்கே ஒரு வெற்றுப் பாதை ஓடும். அல்லது ஒரு கருஞ்சிவப்புப் பூ மட்டும் ஒவ்வொரு டைலிலும் துருத்திக்கொண்டு கட்டம் போட்டுக் காட்டும். இதை ஆஃப்செட் தீர்க்காது, அடுக்கைத்தான் மாற்ற வேண்டும். பெரியது, நடுத்தரம், நிரப்பி என்று மூன்று அளவு மோட்டிஃப்கள் வைத்துக்கொள்ளுங்கள். பெரியவற்றை ஒரே உயரத்தில் நிறுத்தாதீர்கள். ஒரே பூவைப் பிரதியெடுத்தால் 20, 30 டிகிரி திருப்பி, ஓர் இதழையாவது மாற்றி வரையுங்கள். கண் பிரதியை வெகு சீக்கிரம் கண்டுபிடித்துவிடும். இவ்வளவுக்குப் பிறகும் பாதை தெரிந்தால், ஒன்றுவிட்ட நெடுவரிசைகள் பாதி உயரம் இறங்கி நிற்கும் ஹாஃப் டிராப் அடுக்குக்குப் போங்கள்.

கேள்வி: ஹாஃப் டிராப்பில் செய்து முடித்தேன். அச்சகம் சாதாரண நேர் அடுக்கு டைல் மட்டும் கேட்கிறது.

பதில்: இரண்டு நெடுவரிசைகளை ஒரே டைலாக்குங்கள். உங்கள் அலகு 1200 × 1600 பிக்சல் என்றால், 2400 × 1600 அளவில் புதிய கோப்பு. இடது பாதியில் அலகை அப்படியே வையுங்கள். வலது பாதியில் 800 பிக்சல் கீழே இறக்கி வையுங்கள். கீழே வழியும் 800-ஐ வெட்டி மேலே காலியான இடத்தில் ஒட்டுங்கள். பிரிக் அடுக்கு என்றால் இதையே உயரத்தில் செய்யுங்கள்: 1200 × 3200, கீழ்வரிசை 600 பிக்சல் பக்கவாட்டில்.

கேள்வி: திரையில் பளிச்சென்றிருந்த நீலம், துணியில் மங்கி வருகிறது.

பதில்: திரை ஒளியை உமிழ்கிறது; மை ஒளியை உறிஞ்சி மீதியைத் திருப்புகிறது. பளபளக்கும் நீலம், ஊதா, நியான் பச்சை ஆகியவை மையின் எல்லைக்கு வெளியே இருப்பவை. எந்த அச்சகத்துக்குப் போனாலும் சற்று இறங்கித்தான் வரும். அச்சகம் தன் அச்சு நிறங்களை விவரிக்கும் ஐசிசி புரொஃபைல் கோப்பைத் தந்தால், அதை வைத்து மென்பொருளில் சாஃப்ட் ப்ரூஃப் (அச்சு நிறத்தின் திரை முன்னோட்டம்) பாருங்கள். மங்கப் போவது முன்கூட்டியே தெரியும். அதைவிட நம்பகமானது மாதிரி அச்சு. உங்கள் நிறங்களையும், ஒவ்வொன்றிலும் சற்று அடர்ந்த, சற்று வெளிர்ந்த நிறங்களையும் சிறு சதுரங்களாக ஒரே தாளில் போட்டு, அதே துணியில் அச்சிட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

அச்சகம் கேட்காமல் நீங்களாகவே சிஎம்ஒய்கே-க்கு (அச்சின் நான்கு மை நிற முறைக்கு) மாற்ற வேண்டாம். துணிக்கான டிஜிட்டல் அச்சில் பெரும்பாலும் எஸ்ஆர்ஜிபி (திரை நிற முறை) கோப்பைத்தான் கேட்பார்கள். தவறான புரொஃபைலில் மாற்றிச் சேமித்தால் இழந்த நிறம் திரும்பாது.

ஸ்கிரீன் பிரின்டிங் என்றால் கதை வேறு. அங்கே ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு சட்டம். ஆகவே நிறங்களை ஐந்தாறுக்குள் அடக்கி, ஒவ்வொன்றையும் தனி லேயரில் முழுக் கறுப்பாகக் கொடுங்கள். வெளிர் நிறத்தை அடுத்த அடர் நிறத்துக்கு அடியில் 0.3 முதல் 0.5 மி.மீ. நீட்டிவிடுங்கள்; சட்டம் ஒரு நூல் நகர்ந்தாலும் வெள்ளை இடைவெளி தெரியாது. நான்கு பக்கமும் பொருத்தக் குறிகள் எல்லா லேயரிலும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும்.

கேள்வி: ஸ்கேனரைவிடத் தாள் பெரிது.

பதில்: பகுதி பகுதியாக, ஒன்றுக்கொன்று 4, 5 செ.மீ. மேற்படியும்படி எடுங்கள். தாளைத் திருப்பாமல் நகர்த்த மட்டும் செய்யுங்கள். தானியங்கி வெளிச்சத்தை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு பகுதியும் ஒவ்வொரு வெளிச்சத்தில் இருக்கும். ஃபோட்டோஷாப்பின் ஃபோட்டோமெர்ஜில் ‘ரீபொசிஷன்’ தேர்வு போதும். மற்றவை படத்தை வளைத்துப் பொருத்தப் பார்க்கும். ஸ்கேனர் மூடியை மூட முடியாதென்றால் தாளின் மேல் கனமான தட்டைப் பலகை ஒன்றை வையுங்கள். மெல்லிய சிஐஎஸ் வகை ஸ்கேனர்கள் கண்ணாடியிலிருந்து சற்று எழும்பிய தாளைக்கூட மங்கலாகவே காட்டும்.

கேள்வி: வெட்டும் இயந்திரம் ஒரே கோட்டை இரண்டு முறை வெட்டித் தாளைக் கிழிக்கிறது.

பதில்: டிரேஸ் தந்த இரட்டை விளிம்பையே கத்தி பின்தொடர்கிறது. கோட்டின் மேல் ஒருமுறை மட்டும் வெட்ட வேண்டுமானால் சென்டர்லைன் டிரேஸ் அல்லது பென் கருவியால் ஒற்றைப் பாதை வேண்டும். வடிவத்தின் வெளிவரையை மட்டும் வெட்ட வேண்டுமானால், முதலில் உட்பகுதியை நிரப்பி முழுக் கறுப்பு நிழலுருவாக்கிவிட்டு டிரேஸ் செய்யுங்கள். பிறகு அவுட்லைன் பார்வைக்கு மாறி, ஒன்றின்மேல் ஒன்றாகப் படிந்திருக்கும் பாதைகளை நீக்குங்கள். எஸ்விஜி என்ற வெக்டார் கோப்பாகச் சேமித்தபின் அளவை மில்லிமீட்டரில் ஒருமுறை சரிபாருங்கள். ஒரு மென்பொருள் அங்குலத்துக்கு 96 பிக்சல் என்றும் இன்னொன்று 72 என்றும் கணக்கிடுவதால், 10 செ.மீ. வடிவம் மறுமுனையில் 13.3 செ.மீ. அல்லது 7.5 செ.மீ. ஆகத் திறக்கலாம்.